நான்கு எலுமிச்சம்பழம்

வீரமணி பதினோரு வருஷம் டூரிங் கார் ரேஸ் ஓட்டினான். குருவிநத்தத்தில் இருந்த கரும்பு நிலம் காணி காணியாகக் கைவிட்டுப் போனதுதான் மிச்சம். ஒரு தடவை மூன்றாம் இடம்கூட வாய்க்கவில்லை. கடைசிப் பந்தயத்தில் கார் உருண்டது. அதற்குப் பிறகு அவனுடைய வலது முழங்கால் மடங்கவில்லை. தவளக்குப்பம் காயலாங்கடையில் காரைத் துண்டு துண்டாக வெட்டி முடிக்கிற வரை பக்கத்திலேயே நின்று பார்த்துவிட்டு வந்தான்.

பந்தய நாள் காலையில் நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைப்பது அவன் மனைவி செல்வகுமாரியின் வேலை. கார் போன பிறகு வந்த முதல் பந்தய ஞாயிறு அன்றும், காலிக் கொட்டகையில் சக்கரம் நிற்கும் இடம் பார்த்து நான்கு பழம் வைத்தாள்.

"இல்லாத வண்டிக்கு இன்னாத்துக்குடி?"

"கைப் பழக்கம். வுடு."

அவனும் பழக்கம்போலக் கொட்டகையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டான். மத்தியானம் திறந்தபோது நான்கும் நசுங்கிக் கிடந்தன. சாறு காயவில்லை.

"நீ மிதிச்சியா?" என்றாள் செல்வகுமாரி.

"இந்தக் கால வெச்சிக்கினா?"

திரும்பவும் பூட்டினான். சாயங்காலம் தனியாகப் போய்த் திறந்தான். ஹெல்மெட் மாட்டுகிற ஆணியில் சாமந்தி மாலை ஒன்று தொங்கியது. ஜெயித்தவனுக்குப் போடுகிற பெரிய மாலை. பதினோரு வருஷமாக அடுத்தவன் கழுத்தில் பார்த்தது.

எடுத்துத் தன் கழுத்தில் போட்டுப் பார்த்தான். யாருடைய வியர்வையிலோ நனைந்து, அது இன்னும் சூடாக இருந்தது.