காந்தம் ஒட்டாத கதவு

அன்று அந்தக் கார் சிவப்பா ஆரஞ்சா என்று என்னால் இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அமெரிக்காவின் கான்சாஸில், பழைய கார்க் கண்காட்சி நடக்கும் மைதானத்தில் காலை வெயில். பெட்டிகளில் வந்த பாகங்களை நான்கு குளிர்காலம் தானே பூட்டி எழுப்பிய காரை, பழைய இரும்புக் கார்களின் வரிசையில் வெர்னா நிறுத்தியிருக்கிறாள். வரிசையைக் கவனிக்கும் ராய்ஸ், இரும்புதானா என்று பார்க்க, அதன் கதவில் ஒரு காந்தத்தை வைக்கிறார். அது ஒட்டாமல் புல்லில் விழுகிறது. "ஃபைபரா? பொம்மைக் காருக்கெல்லாம் வேலியோரந்தான் இடம், போம்மா." வெர்னா காந்தத்தை எடுத்துச் சட்டையில் துடைக்கிறாள். "உங்க கதவுலயும் வச்சுப் பாத்துருவோமே, ராய்ஸ் அண்ணே." அவருடைய 1932ஆம் வருஷத்துக் காரின் பளபளப்பில் வைக்கிறாள். அங்கும் விழுகிறது. துருவை மறைக்க இரும்பின் மேல் பூசிய பட்டிப் பசை அவ்வளவு கனம். எங்கோ ஓர் எஞ்சின் உறுமி அடங்குகிறது. ராய்ஸ் தன் மடக்கு நாற்காலியை நகர்த்தி அவளுக்கு இடம் விடுகிறார்.

அந்தக் குளிர்காலத்தில் ராய்ஸ் பட்டியைச் சுரண்டிவிட்டுப் புதுத் தகடு பற்றவைத்தார். அன்று பக்கத்தில் நின்று பார்த்த நான் கடைசிவரை கார் எதுவும் கட்டவில்லை. வெர்னா இன்றும் அதே வரிசையில்தான் நிறுத்துகிறாள்.