மாஸ்டரின் வெறுங்கை

"எங்க மாஸ்டருக்குச் சூடே தெரியாதாக்கும்!"

பழவங்காடியில் டீக்கடை வைத்திருக்கும் சுவாமிதாஸ், வருகிறவர்களிடமெல்லாம் இப்படித்தான் பெருமையடிப்பார். கொதிக்கும் பால் பாத்திரத்தை டீ மாஸ்டர் தங்கபாண்டி வெறுங்கையால் இறக்குவதைப் பார்க்கவே ஒரு கூட்டம் வரும்.

அந்தக் கூட்டத்தில் கண்ணாடிக்காரர் ஒருவரை மட்டும் சுவாமிதாஸுக்குப் பிடிக்கவில்லை. சில நாளாகவே அவர் டீயை ஆறவிட்டு, மாஸ்டரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்று அடுப்பருகே போய், "நாளைக்கு எங்கூட வாரீங்களா?" என்று கேட்டும்விட்டார்.

சுவாமிதாஸ் கல்லாவை விட்டு எழுந்து வந்தார். "எந்தக் கடைக்காரன்வே உம்மை அனுப்பினான்? எனக்க மாஸ்டரைக் கொத்திட்டுப் போகலாம்னு பாக்கீரா?"

"கடை இல்ல அண்ணாச்சி, ஆஸ்பத்திரி. நான் தொழுநோய்ப் பிரிவுல வேலை பாக்கேன்."

அவர் குரலைத் தாழ்த்தி, தங்கபாண்டியின் கையில் வெளுத்திருந்த தேமலைப் பேனா முனையால் அழுத்தினார். "தெரியுதா?"

"இல்லியே."

"டாக்டர் பாத்துதான் உறுதியாச் சொல்லணும். அந்த நோயா இருந்தாலும் பயப்படாதீங்க, மாத்திரையில குணமாயிரும். ஆனா மரத்துப்போன நரம்பு திரும்பாம போயிரலாம். அதனாலதான் சீக்கிரம் வரச் சொல்லுதேன்."

அடுப்பில் பால் பொங்கியது. தங்கபாண்டி வழக்கம்போல வெறுங்கையை நீட்டினார்.

"தொடாத மக்கா!"

சுவாமிதாஸ் தோள் துண்டை உருவி, மடித்துப் பிடித்து, பாத்திரத்தைத் தானே இறக்கி வைத்தார்.

"நாளைக்குக் கடையை நான் பாத்துக்கிடுதேன். நீ சாருகூடப் போயிட்டு வா."

அத்தனை மடிப்புத் துண்டையும் மீறி அவர் கை சுட்டது.