பெயர் வெட்டிய டம்ளர்

சமையலறையில் டம்ளர் விழுந்து உருளும் சத்தம் கேட்டு ஜெரால்டு திடுக்கிட்டு எழுந்தான். வீட்டில் வேறு யாரும் இல்லை. உருண்டு வந்த டம்ளர், அப்போதுதான் வாசலில் நுழைந்த திலகத்தின் காலடியில் போய் நின்றது. ‘மதன்’ என்று புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டிய எவர்சில்வர் டம்ளர். அவனோடு இந்த வீட்டில் தங்கியிருந்த மதன் கண்ணெல்லாம் மஞ்சளாகி, ஈரல் கெட்டுச் செத்த பிறகும் அது இங்கேயே தங்கிவிட்டது.

போதைப் பழக்கம் உள்ளவர்களைத் தேடிப்போய் ரத்தப் பரிசோதனை செய்யும் திலகம், அதைக் கையில் எடுத்தபடியே உட்கார்ந்தாள்.

“மதனுக்கு இருந்த அதே வைரஸ்தான் உனக்கும் இருக்கு தம்பி. பயப்படாத, மருந்து இருக்கு. ஆனா போதைக்கு ஏத்துற அந்த வலி மாத்திரைய விடணும். அது ஒடம்புக்குக் காவல் இருக்கற எதிர்ப்புச் சக்தியையும் சேர்த்துத் தூங்க வெச்சிடும்.”

“இருக்காதுக்கா. வலி மாத்திரையக் கரைச்சு ஏத்துவோம், சரி. ஆனா ஒருத்தர் ஊசிய இன்னொருத்தர் தொட்டதே இல்ல. எனக்குப் பச்சை நூல் கட்டினது, அவனுக்குச் சிவப்பு.”

“ஊசிய எதுல கழுவுவீங்க?”

ஜெரால்டு அவள் கையிலிருந்த டம்ளரைப் பார்த்தான்.

“அதுலதான்.”

“ஒரே தண்ணியா?”

தலையாட்டினான்.

“மொதல்ல யாரு கழுவுவீங்க? மொத ஆளோட ரத்தம் தண்ணில எறங்கி, அடுத்த ஆளுக்கு ஏறிடுமே.”

சமையலறை இருட்டில் யாரோ நிற்பதுபோல அவன் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். குரல் மெல்ல வந்தது.

“‘நீங்க பெரியவரு, மொதல்ல கழுவுங்கண்ணே’ன்னுதான் மதன் எப்பவும் சொல்லுவான்.”