ஒண்ணாந்தேதி கேபிள்

"பதினோரு வருஷம் வீட்டுல இருந்துட்டு, நேரா நெட்வொர்க் புரோகிராம் எழுதற வேலைக்கு வந்துட்டீங்களே மேடம்?"

பயோடேட்டாவில் அந்த ஒரு வரியைத் தாண்டி சம்பத்தின் கண் நகரவே இல்லை. தொழிற்சாலைகளில் வாயு கசிந்தால் உடனே எச்சரிக்கும் மென்பொருளைப் பார்த்துக்கொள்ளும், அம்பத்தூர் எஸ்டேட் மாடிக் கம்பெனி அது. அவன் அங்கே டீம் லீடர். கேள்வி கேட்கிற நாற்காலியில் உட்கார்ந்தாலே இரண்டு அங்குலம் வளர்ந்துவிடுகிற ஆள்.

எதிரே தாட்சாயிணி. வயது முப்பத்தொன்பது. ஐயப்பன்தாங்கலிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். இதற்கு முன் நான்கு கம்பெனிகள் அந்தப் பதினோரு வருடத்தைப் பார்த்ததுமே, "சொல்லி அனுப்பறோம்" என்று அனுப்பிவிட்டன. இதுவும் இல்லையென்றால் இனி எங்கேயும் போய் நிற்பதில்லை என்று முடிவு செய்துதான் கிளம்பியிருந்தாள்.

"தெரிஞ்சவங்க சிபாரிசு ஏதாவது இருக்கா?"

"வேணாம் சார். கேள்வி கேளுங்க. பதில் தெரிஞ்சா வேலை குடுங்க."

சம்பத்துக்குச் சுருக்கென்றது. நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"லைன்ல வர்றதை வாங்க சாக்கெட்ல ரிசீவ் கூப்பிடறீங்க. அந்தப் பக்கத்துல இருந்து நூறு பைட் மெசேஜ் அனுப்பறாங்க. உங்க கைக்கு எவ்வளவு வரும்?"

"நூறும் வரலாம், ஏழும் வரலாம். வந்ததை எண்ணிப் பார்த்து, மிச்சம் வர்ற வரைக்கும் திரும்பத் திரும்பக் கூப்பிடணும்."

"ஜீரோ வந்தா?"

"எதிர்ப்பக்கம் லைனை மூடிட்டுப் போயிட்டாங்கன்னு அர்த்தம்."

திணறுவாள் என்று நினைத்தவனுக்கு ஏமாற்றம். லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பினான்.

"இதைப் பாருங்க. இந்தக் கம்பெனியை எங்க முதலாளி வாங்கினப்போ கூடவே வந்த புரோகிராம். எழுதினது யாருன்னு தெரியாது. ஆனா நானே இதைப் பார்த்துத்தான் தொழில் கத்துக்கிட்டேன். புதுசா சேர்றவங்களுக்கும் இதைத்தான் முதல்ல படிக்கக் குடுக்கறேன்." புது பைக்கைக் காட்டுகிறவன் போல அவன் முகம் மலர்ந்திருந்தது. "இதுல ஒரு தப்பு கண்டுபிடிங்க பார்ப்போம். இருந்தாத்தானே!"

தாட்சாயிணி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு இருக்கு சார்."

சம்பத் வாய் திறப்பதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டு சுலைமான் வந்தான். வன்பொருள் வேலையெல்லாம் அவன் பொறுப்பு. கையில் புதுக் கேபிள்.

"இன்னா சார், லைன் மறுபடி பூட்ச்சு. பூந்தமல்லி ஃபேக்டரிக்காரன் போன் மேல போன் போட்டுகினே கீறான். சர்வர் கேபிளை மாத்திடட்டா?"

"மாத்திடு."

தாட்சாயிணி திரும்பிப் பார்த்தாள். "போன மாசமும் ஒண்ணாந்தேதிதான் மாத்தினீங்களா, தம்பி?"

"ஆமாக்கா. மாசாமாசம் ஒண்ணாந்தேதி நமக்கு இதே பொயப்பு. புதுசு சொருகிட்டா அடுத்த ஒண்ணாந்தேதி வரிக்கும் கம்முனு கீது. அது சரி, உனக்கு எப்பிடிக்கா தெரியும்?"

சம்பத்தின் முகம் மாறியது. "சுலைமான், இவங்க உனக்குத் தெரிஞ்சவங்களா? உள்ள நடக்கறதையெல்லாம் வெளிய சொல்லிட்டு இருக்கியா?"

"அய்யே, இன்னா சார் நீ! இந்த அக்காவ இப்பத்தான் பாக்கறேன்."

"அவரை ஏன் சார் கோவிச்சுக்கறீங்க? கேபிள் நல்லாத்தான் இருக்கு," என்றாள் தாட்சாயிணி. "மாசம் பொறந்ததும், நடக்கறதைப் பதிஞ்சு வைக்கற லாக் ஃபைலைப் புதுசா தொறக்கச் சொல்லி இந்த புரோகிராமுக்கு ஒரு சிக்னல் வரும். அப்ப ரிசீவ் மெசேஜுக்காகக் காத்துக்கிட்டு இருக்கும். சிக்னல் குறுக்க வந்ததால மைனஸ் ஒண்ணு குடுத்துட்டுத் திரும்பிடும். நிஜமாவே லைன் அறுந்தாலும் அதே மைனஸ் ஒண்ணுதான். காரணம் என்னன்னு பார்க்காம இது ரெண்டுக்குமே லைனை மூடிடுது. கொஞ்ச நேரத்துல ஃபேக்டரி பக்கத்துல இருந்து தானா திரும்ப கனெக்ட் ஆயிடும். நல்ல பேரு கேபிளுக்குப் போயிடும்."

"இதை எழுதினவரு சாதாரண ஆள் இல்ல மேடம். இப்படி ஒரு தப்புப் பண்ணியிருக்க மாட்டாரு."

"பண்ணியிருக்காங்களே சார். டெஸ்ட் சர்வருக்கு அந்த சிக்னலை அனுப்பிப் பாருங்க. லைன் அறாம இருந்தா நான் எழுந்து போயிடறேன்."

சம்பத் வீறாப்பாகத் தட்டினான். திரையில் அத்தனை இணைப்பும் ஒரே நொடியில் அறுந்து விழுந்தது.

தாட்சாயிணி லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்து ஒரே ஒரு நிபந்தனை எழுதினாள்: குறுக்கே வந்தது சிக்னல் என்றால், திரும்பவும் ரிசீவ். சம்பத் மறுபடி சிக்னல் அனுப்பினான். ஒரு இணைப்புகூட அசையவில்லை. இன்னொரு முறை அனுப்பினான். அசையவில்லை.

சுலைமான் கையிலிருந்த கேபிளைச் சுருட்டி மேஜை மேல் வைத்தான். "அப்போ இத்தினி நாளு நான் சும்மாவா சொருகிகினு இருந்தேன்?"

சம்பத் எழுந்து நின்றான். மரியாதைக்காகத்தான். "நாளைக்கே வந்து சேந்துடுங்க மேடம். ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. இத்தனை பேர் தினமும் பார்த்த புரோகிராம். எங்க யாருக்கும் தெரியாதது, வந்து பத்தே நிமிஷத்துல உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"பத்து நிமிஷம் எங்க சார், பதினோரு வருஷமா உறுத்திட்டு இருக்கு." தாட்சாயிணி தலை நிமிர்ந்து சிரித்தாள். "இந்த ஒரு வரியையும் எழுதிட்டு வீட்டுக்குக் கிளம்பலாம்னுதான் இருந்தேன், அதுக்குள்ள வலி எடுத்துடுச்சு, அப்படியே சேவ் பண்ணிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிட்டேன். பொண்ணு இப்ப ஆறாவது படிக்கிறா."