ஒட்டாத படகு

செவ்வாய்ப்பேட்டைத் தச்சர் இன்னாசிக்கு அந்தக் கப்பலைப் பார்த்தாலே எரிச்சல் வந்தது. போரில் மூழ்கிய கப்பலிலிருந்து தப்பி ஊர் திரும்பிய சவரியப்பனுக்கு ஞாயிறு பூசைக்குப் பிறகு மரியாதை செய்யப்போகிறார்கள். அதற்காக அதே போர்க்கப்பலைத் தேக்கில் சிறிதாகச் செய்யச் சொல்லியிருந்தார் பங்குச்சாமியார். பீரங்கி, புகைபோக்கி எல்லாம் நின்றன. பக்கவாட்டில் தொங்கும் உயிர்காப்புப் படகுகளில் ஒன்று மட்டும் தினமும் காலையில் தரையில் கிடந்தது. வச்சிரப் பசையைக் கெட்டியாகக் காய்ச்சி ஒட்டினார். ஆணியும் அடித்தார். மறுநாள் ஆணி கப்பலில் இருந்தது, படகு தரையில் கிடந்தது.

"எந்த நேரத்துல இந்த வேலைக்கு ஒத்துக்கிட்டனோ!"

சனிக்கிழமை மாலை சவரியப்பனே பட்டறைக்கு வந்தார்.

"இது ஒண்ணு மட்டும் நிக்கமாட்டேங்குதுங்க," என்றார் இன்னாசி.

"ஒட்டாதீங்க. நான் அதுலதான் தப்பிச்சு வந்தேன்." சவரியப்பன் படகைத் தரையிலேயே வைத்துவிட்டுப் போனார்.

ஞாயிறு காலை படகு கப்பலில் தன் இடத்தில் இருந்தது. ஒட்டவேண்டாம் என்றாரே என்று இன்னாசி பிடித்து இழுத்தார். உளி வைத்து நெம்பினார். அசையவில்லை.

"இப்ப மட்டும் ஒட்டிக்கிட்டியா, சனியனே!"

கோயில் மணி கேட்டது. பூசைக்கு நேரமாகிவிட்டதென்று பதறினார். மணி ஒவ்வொன்றாக, நிறுத்தி நிறுத்தி அடித்தது. பங்கில் யாராவது இறந்தால்தான் அப்படி அடிப்பார்கள்.