அண்ணே என்றால் இடது பக்கம்

"சார், பத்தாம் நம்பர் சட்டை எனக்கு வேணாம். அர்ஜுனனுக்கே கொடுத்திடுங்க."

மடித்த சட்டையை மேசைமேல் வைத்துவிட்டு நின்றான் கனகசுந்தரம். கல்லூரி காற்பந்துப் பயிற்சியாளர் ராமதாஸ், வாய்க்குக் கொண்டுபோன கறிபாப் பலகாரத்தைக் கடிக்க மறந்தார்.

"என்னடா, விளையாடுறியா? மூணு வருஷமா இந்தச் சட்டைக்காக என் உசுர எடுத்த. நேத்துத்தான் அவனை ஜெயிச்சு வாங்கின. நாளைக்கு ஃபைனல். இப்ப வந்து வேணாங்கிற?"

"அவன் நல்லா ஆடுறான் சார்."

"நீ அவனைவிட நல்லா ஆடுற. அதனாலதானே கொடுத்தேன்!"

"என்னை இடது பக்கம் போடுங்க சார். ப்ளீஸ் லா."

ராமதாஸுக்குத் தலை சுற்றியது. பத்தாம் நம்பர்தான் நடுவில் நின்று ஆட்டத்தை நடத்துபவன். பந்து எந்தப் பக்கம் போகும் என்று கத்திச் சொல்வதும் அவன்தான். போன வருஷம் "லெஃப்ட், ரைட்" என்று கத்தியதைக் கேட்டுக் கேட்டே எதிரணி ஈப்போக்காரர்கள் வழியை அடைத்துவிட்டார்கள். அதனால் இந்த வருஷம் அவரே மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு திட்டம் போட்டிருந்தார். 'அண்ணே' என்றால் இடது பக்கம். 'மாமா' என்றால் வலது. 'மச்சான்' என்றால் நடு. எதிராளிக்குச் சும்மா கூப்பிடுவது போலத்தான் கேட்கும். அணியிலிருந்த மலாய், சீனப் பையன்கள்கூட இரண்டே நாளில் மனப்பாடம் செய்துவிட்டார்கள்.

அர்ஜுனன் ஒருவன்தான் அன்றைக்கே முகத்தைச் சுளித்தான்.

"சார், இடதுக்கு வேற ஏதாச்சும் வார்த்தை வைக்கலாமா?"

"ஏன், அண்ணேன்னு சொன்னா உனக்கு வாய் சுளுக்கிக்குமா?"

அவன் குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டத் தொடங்கினான்.

அர்ஜுனன் முதல் வருஷப் பையன். கெப்பாலா பத்தாஸிலிருந்து பஸ் பிடித்து, பெர்ரி ஏறிக் கடலைத் தாண்டி வருகிறவன். கேண்டீன் சீனி முகம்மதுவை அண்ணே என்பான். காவல்காரரை அண்ணே என்பான். பஸ் கண்டக்டரைக்கூட விடமாட்டான். மூன்றாம் வருஷம் படிக்கும் கனகசுந்தரத்தை மட்டும் 'ஹலோ' என்பான். என்ன கொழுப்பு பாருங்கள்!

ஆனால் கனகசுந்தரம் ஒருநாளும் கோபப்பட்டதில்லை. பயிற்சி முடிந்து அர்ஜுனன் பெர்ரிக்குக் கிளம்பி, தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டே நிற்பான். போட்டியாளனை நோட்டம் விடுகிறான் என்று ராமதாஸ் நினைத்துக்கொண்டார். ஒரு சட்டைக்கு இரண்டு பேர் ஆசைப்பட்டால் வேறென்ன ஆகும்?

"இடது பக்கம் நீ நின்னா போதுமா? பந்து வரணும்ல. அவன் உனக்கு பாஸ் கொடுப்பான்னு நினைக்கிறியா?"

"கொடுத்துத்தானே ஆகணும் சார். நம்ம திட்டமே அதுதானே." அவன் குரல் கெஞ்சியது. "ஒரே ஒரு தடவை கொடுத்தாலும் போதும் சார்."

"தோத்தோம்னா உன் தோலை உரிச்சிடுவேன், சொல்லிட்டேன்" என்று சட்டையை எடுத்து அலமாரியில் எறிந்தார் ராமதாஸ்.

சனிக்கிழமை மாலை. திடலைச் சுற்றி நல்ல கூட்டம்.

"மாமா!" என்று கத்தினான் அர்ஜுனன். பந்து வலது பக்கம் போனது. "மச்சான்!" என்று கத்தினான். நடுவில் போனது. மறுபடியும் மாமா, மறுபடியும் மச்சான். எண்பது நிமிடம் ஆகியும் இடது பக்கம் ஒரு பந்து வரவில்லை. கனகசுந்தரம் கையைத் தூக்கிக்கொண்டு ஓடினான், நின்றான், திரும்பவும் ஓடினான்.

"டேய் அர்ஜுனா! இடது பக்கம் காலியா கிடக்குடா! கண்ணு தெரியலையா?" ராமதாஸுக்குத் தொண்டை கட்டிவிட்டது.

கடைசி இரண்டு நிமிடம். இரண்டு அணிக்கும் கோல் இல்லை. பந்து அர்ஜுனன் காலில். வலது பக்கம் அடைப்பு, நடுவிலும் அடைப்பு. இடது பக்கம் கனகசுந்தரம் தனியாக நின்றான். கோல் காவலனைத் தவிர அவனுக்கு முன்னால் யாருமில்லை.

அர்ஜுனன் அவனைப் பார்த்தான். வாயைத் திறந்தான், மூடினான். பிறகு தொண்டை கிழியக் கத்தினான்.

"அண்ணே!"

பந்து அளந்து வைத்த மாதிரி கனகசுந்தரத்தின் காலடிக்கு வந்தது. அவன் அசையவில்லை. பந்து அவனைத் தாண்டி உருண்டு பக்கக் கோட்டுக்கு வெளியே போனது. ஈப்போக்காரர்கள் அதை எடுத்து வீசி, அந்த வீச்சிலேயே கொண்டுபோய் கோல் போட்டார்கள். விசில் ஊதியாயிற்று.

"காது செவிடாடா உனக்கு? அவன் கத்தினது கேக்கலையா?" ராமதாஸ் பாய்ந்து வந்தார்.

"கேட்டுச்சு சார்." கனகசுந்தரத்தின் கன்னமெல்லாம் கண்ணீர். முகமோ சிரித்தது. "நல்லா கேட்டுச்சு சார்."

"கோப்பை போச்சு, இவன் சிரிக்கிறான்!"

பையைத் தூக்கிக்கொண்டு அவன் நடந்துவிட்டான். இரண்டு பேரைப் பற்றியும் கல்லூரி முதல்வருக்குப் புகார் எழுதிப்போட்டே தீருவது என்று ராமதாஸ் ஆட்டக்காரர் பட்டியலை எடுத்தார். கல்லூரி அலுவலகத்தில் தட்டச்சு செய்து கொடுத்தது. படிக்காமலே கையெழுத்துப் போட்டிருந்தார்.

கனகசுந்தரம், ஜார்ஜ் டவுன். அர்ஜுனன், கெப்பாலா பத்தாஸ். வீடுகள்தான் வேறு. தகப்பனார் பெயர் என்ற இடத்தில், இரண்டு பேருக்கும் ஒரே வரி இருந்தது: ஏரம்பமூர்த்தி, அரசாங்க அலுவலகக் கிராணி.

ராமதாஸ் நிமிர்ந்து பார்த்தார். திடல் வாசலைத் தாண்டப்போன கனகசுந்தரத்தின் பின்னால், பூட்ஸைக் கையில் பிடித்தபடி வெறுங்காலோடு ஓடிக்கொண்டிருந்தான் அர்ஜுனன்.

"அண்ணே! நில்லுங்கண்ணே!"

பந்தை அப்போதே பைக்குள் போட்டுக் கட்டியாயிற்று.