கண்ணாடிப் பெட்டி கிடைத்த கரிச்சான்

ஓர் அருங்காட்சியகத்தில் பஞ்சடைத்துப் பாடம் செய்த தேவாங்கு ஒன்றும் குண்டுகரிச்சான் பறவை ஒன்றும் அருகருகே இருந்தன. தேவாங்குக்குக் கண்ணாடிப் பெட்டியும் தலைக்கு மேல் விளக்கும் உண்டு. கரிச்சான் சன்னலோரம் வெறும் பலகையில் தூசு படிந்து நின்றது.

"உனக்கு மட்டும் ஏன் இந்த உபசாரம்?" என்று கரிச்சான் கேட்டது.

"என் அட்டையைப் படி. பாலூட்டி வகுப்பு. நிலை, அழியும் ஆபத்து. உன் அட்டையில் என்ன போட்டிருக்கிறது தெரியுமா? பறவை வகுப்பு. நிலை, கவலையில்லை. கவலைப்பட்டால்தானே விளக்குப் போடுவார்கள்?"

கரிச்சானுக்குப் பொறுக்கவில்லை. சன்னலுக்கு வெளியே முருங்கை மரத்தில் அதன் இனத்தார் தினமும் காலையில் பாடுவார்கள்.

"கத்தித் தொலைக்கிறார்களே! இத்தனை பேர் இருந்தால் எனக்கு எப்படிப் பெட்டி கிடைக்கும்?" என்று அது திட்டும்.

வருடங்கள் போயின. வெளியே பாட்டு குறையக் குறையக் கரிச்சானுக்கு நிம்மதிதான். ஒருநாள் பணியாளர் ஒருவர் வந்து கரிச்சானின் தூசியைத் தட்டி, புதுக் கண்ணாடிப் பெட்டிக்குள் கூடத்தைப் பார்த்து நிறுத்தி, விளக்கைப் போட்டார். அட்டையையும் மாற்றினார்.

"என்ன எழுதியிருக்கிறது? சொல்லேன்!"

தேவாங்கு படித்தது. "என்னைவிட உனக்குப் பெரிய இடம்தான்" என்று மட்டும் சொன்னது.

மறுநாள் விடிந்து வெகுநேரம் கரிச்சான் காத்திருந்தது. தன் பெட்டியை முருங்கை மரத்து இனத்தார் பார்க்க வேண்டுமே!

"சன்னலைச் சாத்திவிட்டார்களா? ஒரு சத்தமும் கேட்கவில்லையே?"

"இல்லை," என்றது தேவாங்கு. "திறந்துதான் இருக்கிறது."